கை டிரில்லுக்கு டிரில் கைடு வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கை டிரில்லைப் பிடித்து நேராகத் துளையிட முடியவில்லை என்ற குறையோடு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வருகின்றன. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு டூல்ரூமில் (கருவிகள் செய்யும் பட்டறையில்), வேலையைச் சரியான இடத்தில் பிடித்து வழிகாட்டும் ஜிக் என்ற அமைப்புகளைச் செய்யும் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். நவராத்திரிக்கு முந்தைய மாதத்தில், மடக்குக் கொலுப்படி செய்ய முனைகிறவர்களால் இந்தக் கேள்விகள் இன்னும் கூடும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே உள்ளன.

டிரில் கைடுன்னா என்ன? கடையில கேட்டா டிரில் ஸ்டாண்டை எடுத்துக் காட்டுறாங்களே, ரெண்டும் ஒண்ணா?

ஒன்றல்ல. டிரில் ஸ்டாண்ட் மேசைமேல் நிற்பது. அதில் டிரில்லைப் பூட்டிவிட்டு, துளையிட வேண்டிய பொருளை அதன் அடியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். டிரில் கைடு, பொருள் இருக்கும் இடத்துக்கு நாம் எடுத்துச் செல்வது. அதன் அடித்தட்டு பொருளின் மேலேயே உட்கார்ந்து, பிட்டு, அதாவது துளையிடும் அலகு, அந்தப் பரப்புக்குச் செங்குத்தாக இறங்கும்படி செய்கிறது. ஏழடி நிலைக்கதவையோ, ஏற்கெனவே சுவரில் மாட்டிய அலமாரியின் பக்கப்பலகையையோ ஸ்டாண்டுக்கு அடியில் கொண்டுவர முடியாது. சென்னையில் கருவிக் கடைகள் உள்ள லிங்கிச்செட்டி தெருவில் கேட்கும்போது "கையில் எடுத்துச் செல்வது, இரண்டு கம்பி வைத்தது" என்றோ, "புஷ் (துளைக்குள் பொருத்தும் உலோகக் குழல்) வைத்த கட்டை" என்றோ சேர்த்துச் சொன்னால் குழப்பம் குறையும்.

கை பழகினா போதாதா? எங்க ஆசாரி கண்ணாலயே பாத்து நேரா போடுறாரே.

போடுவார், திருகாணிக்கு வழித்துளை போடுவதற்கு அந்தக் கண் தாராளமாகப் போதும். சிக்கல், துளை ஆழமாகும்போதும், இரண்டு பலகைகளில் தனித்தனியே போட்ட துளைகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டியிருக்கும்போதும் வருகிறது. ஒரு பாகை சாய்ந்தால் 18 மி.மீ. பிளைவுட்டில் மறுபக்கம் 0.3 மி.மீ. மட்டுமே விலகும், யாரும் கவனிக்க மாட்டார்கள். கண்ணால் மட்டும் பார்த்துப் போடும்போது மூன்று பாகை சாய்வது சாதாரணம். அந்தச் சாய்வு 40 மி.மீ. ஊஞ்சல் பலகையில் 2 மி.மீ. ஆகவும், 75 மி.மீ. சட்டத்தில் ஏறத்தாழ 4 மி.மீ. ஆகவும் வளர்ந்துவிடும். அந்த அளவுக்குப் பிறகு போல்ட் நுழையாது, அல்லது சுத்தியலால் அடித்து நுழைக்க நேரும்.

வருடத்துக்கு இரண்டு துளைதான் போடுவேன் என்பவர் கைடு வாங்க வேண்டியதில்லை. டிரில்லுக்குப் பக்கத்தில் மூலைமட்டத்தை நிறுத்திவைத்து, முன்னிருந்து ஒருமுறையும் பக்கத்திலிருந்து ஒருமுறையும் பார்த்துக்கொண்டால் போதும். பழைய சி.டி. ஒன்றைப் பலகைமேல் வைத்து, அதன் நடுத்துளை வழியே பிட்டை இறக்கினால், பிட்டும் அதன் பிம்பமும் ஒரே கோடாகத் தெரிகிறதா என்று பார்க்கலாம். இதையும் இரண்டு திசைகளிலிருந்து பார்க்க வேண்டும்.

எத்தனை வகை இருக்கு?

முதல் வகை வெறும் உருக்குக் கட்டை. 3, 4, 5, 6 மி.மீ. என வரிசையாகத் துளைகள் இருக்கும். அடியில் வி வடிவப் பள்ளம் இருந்தால் குழாய் மேலும் பலகையின் மூலைமேலும் உட்காரும். அசையும் பாகம் எதுவும் இல்லாததால் கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை. இரண்டாவது வகையில் அடித்தட்டிலிருந்து இரண்டு கம்பிகள் எழும்பி நிற்கும். அவற்றின்மேல் ஒரு தலை, ஸ்பிரிங்கை அமுக்கியபடி இறங்கும். டிரில் அந்தத் தலையோடு இணைந்திருக்கும். மூன்றாவது வகை, டிரில்லின் கழுத்தையே கவ்விப் பிடிக்கும் வளையம் கொண்டது. டவல் ஜிக் (மர ஆணி இணைப்புக்கு), பாக்கெட் ஹோல் ஜிக் (சாய்வுத் திருகாணித் துளைக்கு) போன்றவை ஒரே வேலைக்கென்று பிறந்தவை என்பதால் இங்கே சேர்க்கவில்லை.

இதுல எனக்கு எது?

கைடைப் பார்ப்பதற்கு முன், போடப்போகும் துளையைத் தாளில் எழுதிப் பார்க்கச் சொல்வேன்: எந்தப் பொருள், என்ன விட்டம், எவ்வளவு ஆழம், துளையைச் சுற்றிக் கைடு உட்கார எவ்வளவு இடம். இந்த நான்கும் தெரிந்துவிட்டால் தேர்வு பெரும்பாலும் தானாகவே முடிந்துவிடும். அலமாரித் தட்டுக்கு 5 மி.மீ. ஆப்புத்துளைகள் வரிசையாக வேண்டுமென்றால் கட்டை போதும். கொலுப்படியின் மடக்குக் கால்களுக்கு 8 அல்லது 10 மி.மீ. போல்ட் துளை, ஊஞ்சல் பலகையின் நான்கு மூலைத் துளைகள் போன்றவற்றுக்கு இரண்டு கம்பிக் கைடுதான் ஏற்றது; ஏனெனில் கட்டையில் பெரும்பாலும் 10 மி.மீ.க்கு மேல் துளை இருப்பதில்லை, சிறிய பிட்டுகளில் ஆழமும் கிடைப்பதில்லை.

ஆழம் பற்றிய இந்தக் கணக்கைப் பலர் கவனிப்பதில்லை. சாதாரண 3 மி.மீ. பிட்டின் மொத்த நீளம் 61 மி.மீ.; பிட்டைப் பிடிக்கும் சக்குக்குள் சுமார் 20 மி.மீ. போய்விடும், கட்டையின் கனம் 25 மி.மீ. என்றால் மீதி 16 மி.மீ.தான். அதாவது, 18 மி.மீ. பிளைவுட்டைக் கட்டையோடு சேர்த்துத் துளைத்து முடிக்கவே முடியாது. 10 மி.மீ. பிட்டு 133 மி.மீ. நீளம் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. சிறிய துளைகளுக்குக் கட்டை வாங்குகிறவர், நீளமான பிட்டையும் சேர்த்து வாங்க வேண்டும். அல்லது கட்டையை வைத்துத் தொடங்கி, பாதி ஆழம் போனபின் கட்டையை எடுத்துவிட்டு அந்தத் துளையே வழிகாட்ட முடிக்க வேண்டும்.

கட்டையில கால் இஞ்சு துளை இருக்கு. என்கிட்ட 6 மி.மீ. பிட்டுதான். ஓட்டிக்கலாமா?

ஓட்டலாம், ஆனால் கைடு வாங்கிய பயன் பாதி போய்விடும். கால் இஞ்சு என்பது 6.35 மி.மீ.; 25 மி.மீ. கனத்தில் 0.35 மி.மீ. இடைவெளி இருந்தால் பிட்டு 0.8 பாகை வரை சாயலாம். அமெரிக்கச் சந்தைக்கென்று செய்யப்பட்ட கட்டைகள் நம் ஊர்க் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கின்றன; அவற்றில் எல்லாமே இஞ்சுக் கணக்காக இருக்கும். நம் தச்சர்கள் பேச்சில் கால் இஞ்சு, அரை இஞ்சு என்றாலும் பெட்டியில் வைத்திருப்பது மில்லிமீட்டர் பிட்டுதான் என்பதால், வாங்கும் முன் கட்டையில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துப் பார்ப்பது அவசியம்.

என் டிரில்லுக்குப் பொருந்துமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கட்டைக்கு இந்தக் கேள்வியே இல்லை. எந்த டிரில்லுக்கும் பொருந்தும். கழுத்தைக் கவ்வும் வகைக்கு, சக்குக்குப் பின்னால் உள்ள வட்டமான கழுத்தை வெர்னியரில் அளக்க வேண்டும். 43 மி.மீ. என்பது ஐரோப்பிய அளவு. மின்கம்பி வைத்த இம்பாக்ட் டிரில்கள் பலவற்றில் அதுதான் இருக்கும். பேட்டரி டிரில்களில் பெரும்பாலும் அப்படி ஒரு கழுத்தே கிடையாது, பிளாஸ்டிக் உடல் நேராகச் சக்கில் போய் முடியும்; ஆகையால் பேட்டரி டிரில் வைத்திருப்பவர் இந்த வகையை மறந்துவிடலாம்.

இரண்டு கம்பிக் கைடில் இரு முறைகள் உள்ளன. ஒன்றில், கைடிலேயே தனிச் சக் இருக்கும். அதன் மேல்முனைத் தண்டை நம் டிரில்லின் சக்கில் பூட்டினால் போதும். மற்றதில், டிரில்லின் சக்கைக் கழற்றி, கைடின் தலையை இடையில் வைத்து மறுபடி மாட்ட வேண்டும். இதற்குச் சக்கின் தாடைகளை முழுதும் விரித்து உள்ளே பார்த்தால் ஒரு திருகாணி தெரியும். அது இடமரை, அதாவது வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இதை அறியாமல் இடப்பக்கம் திருப்பித் தலையை மழுங்கடித்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டு உபயோகத்துக்கு முதல் முறையையே பரிந்துரைப்பேன். தனிச் சக் 10 மி.மீ. வரைதானா, 13 மி.மீ. வரை பிடிக்குமா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளவும்.

ரோட்டரி ஹாமர்தான் இருக்கு. அடாப்டர் சக் போட்டு ஓட்டலாமா?

வேண்டாம். கான்கிரீட்டை அடித்துத் துளைக்கும் அந்த இயந்திரத்தில் பிட்டு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அடி விழும் என்பதால், பிடிப்பிலேயே ஆட்டத்தை வைத்துச் செய்திருக்கிறார்கள். அதன்மேல் அடாப்டரின் ஆட்டமும் சேரும். அடியை நிறுத்தி வைத்தாலும் ஆட்டம் போகாது.

கடையில நின்னு எதைப் பாத்து வாங்குறது?

நான் முதலில் பார்ப்பது ஆட்டத்தை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் கோண அளவுகளையும் கூடவரும் பிட்டுகளையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கைடில் ஒரு பிட்டையோ நேரான கம்பியையோ பூட்டி, தலையை மேலே விட்டபடி, பிட்டின் முனையை விரலால் முன்னும் பின்னும் இடமும் வலமும் தள்ளிப் பார்க்க வேண்டும். மேலே விட்டபடி பார்ப்பதற்குக் காரணம் உண்டு: துளை தொடங்கும்போது தலை உயரத்தில் இருக்கிறது, கம்பிகள் அதிகம் வளைவதும் அப்போதுதான், பிட்டு இடம் நழுவுவதும் அப்போதுதான். கீழே இறக்கி வைத்துப் பார்த்தால் எல்லாக் கைடும் உறுதியாகத்தான் தெரியும். கடைக்காரர் அப்படித்தான் காட்டுவார்.

இரண்டு கம்பிகளும் நிற்கும் வரிசையில் தள்ளினால் அசைவு குறைவாகவும், அதற்குக் குறுக்கே தள்ளினால் அதிகமாகவும் இருக்கும். இது அந்த அமைப்பின் இயல்பு. குறுக்கு ஆட்டம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் அந்தக் கைடை வைத்துவிடலாம். கம்பிகளின் மேல்முனைகளை ஒரு பாலம் இணைத்திருந்தால் குறுக்கு ஆட்டமும் ஓரளவு குறையும். தலை வழுக்கும் இடத்தில் பித்தளை அல்லது வெண்கல புஷ் இருக்கிறதா, அலுமினியத் துளையிலேயே கம்பி உரசுகிறதா என்று பாருங்கள். உரசுவது சில மாதங்களில் அகன்றுவிடும். புஷ் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது.

அடுத்தது அடித்தட்டு. கடையின் கண்ணாடி மேசைமேல் வைத்து நான்கு மூலையையும் மாற்றி மாற்றி அமுக்கினால், தட்டு கோணலாக இருந்தால் டக்டக்கென்று ஆடும். ஒன்றரை, இரண்டு கிலோ டிரில் மேலே ஏறி உட்காரும்போது கைடு தலைக்கனமாகிவிடும் என்பதால், தட்டில் ஜி கிளாம்ப் பிடிக்க விளிம்பு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆழம் நிறுத்தும் வளையம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளலாம். அதற்காக ஒரு நல்ல கைடை ஒதுக்க வேண்டாம்.

ஆன்லைன்ல வாங்கிட்டேன். நேரா போடுதான்னு எப்படிச் சோதிக்கிறது? என் மூலைமட்டமே சரியான்னு தெரியலயே.

மூலைமட்டத்தை நம்பாமலே சோதிக்கலாம். 40 மி.மீ.க்குக் குறையாத கனமுள்ள, மேற்பரப்பு சமமான மரத்துண்டில் ஒரு கோடு போட்டு, கோட்டின்மேல் ஒரு துளை போடுங்கள். கைடை அப்படியே 180 பாகை சுற்றி, அதே கோட்டில் ஒரு சாண் தள்ளி இன்னொரு துளை போடுங்கள். இரண்டிலும் ஒரே அளவுள்ள நேரான கம்பிகளைச் செருகி நிறுத்தினால், கைடு சரியாக இருக்கும்போது கம்பிகள் இணையாக நிற்கும். கைடு சாய்ந்திருந்தால் ஒரு கம்பி ஒருபுறமும் மற்றது எதிர்ப்புறமும் சாயும். அதாவது பிழை இரண்டு மடங்காகக் கண்ணுக்குத் தெரியும். டூல்ரூமில் ரசமட்டத்தைச் சோதிப்பதும் இதே முறையில்தான்.

கோட்டின் வாட்டத்தில் சாய்வு இருந்தால், கம்பிகளின் அடியிலும் நுனியிலும் உள்ள இடைவெளிகள் வேறுபடும். கோட்டுக்குக் குறுக்கே சாய்வு இருந்தால், கோட்டின் முனையில் நின்று கோட்டின் வாக்கில் பார்க்கும்போது கம்பிகள் கத்திரிபோல ஒன்றையொன்று வெட்டித் தெரியும். 100 மி.மீ. உயரத்தில் இரண்டும் சேர்ந்து 1.75 மி.மீ. விலகினால் கைடின் பிழை அரைப் பாகை; மரவேலைக்கு அது தாராளம்.

சோதிச்சேன், அரைப் பாகைக்கு மேல சாயுது. திருப்பி அனுப்பணுமா?

உடனே வேண்டாம். கோணம் மாற்றக்கூடிய கைடுகளில் 90 பாகையைக் காட்டும் கோடு ஓர் அடையாளம் மட்டுமே. பூட்டுத் திருகாணியைத் தளர்த்தி, சோதனை நேராக வரும் இடத்தில் இறுக்கி, அங்கே நீங்களே ஒரு கோடு கீறிக்கொள்ளலாம். கம்பிகள் அடித்தட்டில் சேரும் திருகாணிகள் தளர்ந்திருந்தாலும் சாயும். சாய்வு எப்போதும் ஒரே பக்கம், ஒரே அளவு என்றால் தட்டின் ஓர் ஓரத்தில் மெல்லிய தகடோ தாளோ ஒட்டிச் சரிசெய்யலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பக்கம் சாய்ந்தால் அது ஆட்டம். அதைத் தாள் ஒட்டித் திருத்த முடியாது, திருப்பி அனுப்புங்கள்.

கைடு வச்சும் துளை குறிச்ச இடத்துல விழல. ஏன்?

கைடு காப்பது கோணத்தைத்தான், இடத்தைக் காப்பது உங்கள் வேலை. இரும்பில் சென்டர் பஞ்ச் (குறியில் சிறு குழி போடும் கூர்முனை உளி) அடிக்காமல் தொடங்கினால் பிட்டு வழுக்கும். மெல்லிய பிட்டு வளைந்துகொண்டு போய், கைடு நேராக நின்றாலும் துளை தள்ளி விழும். மரத்தில் நடுமுனை கூர்ந்த பிட்டைப் பயன்படுத்துவது நல்லது. தேக்கில் வளையக்கோடுகளின் கடினமான ரேகையில் பட்டால் சாதாரணப் பிட்டு மென்மையான பக்கம் ஒதுங்கும். பெரிய துளைக்கு முன் 3 மி.மீ. வழித்துளை போடுவது இரண்டுக்கும் பொருந்தும்.

இன்னொன்று: கைடின் குறுக்கு ஆட்டத்தைப் பற்றி மேலே சொன்னேன். வரிசையாகத் துளை போடும்போது, எந்தத் திசையில் பிசகு பொறுக்காதோ அந்தத் திசையில் இரண்டு கம்பிகளும் வரும்படி கைடைத் திருப்பி வையுங்கள். செலவில்லாத திருத்தம் இது.

பலகையோட விளிம்புல, சரியா நடுவுல துளை போடணும். தட்டு உட்கார இடமே இல்லையே?

இரண்டு கம்பிகளையும் தட்டுக்குக் கீழே நீட்டக்கூடிய கைடு என்றால் வழி உண்டு. நீண்ட கம்பிமுனைகள் பலகையின் இருபக்கமும் வரும்படி தட்டை விளிம்பில் வைத்து, இரண்டும் பலகையைத் தொடும்வரை முறுக்குங்கள். பிட்டு இரண்டு கம்பிகளுக்கும் சரிநடுவில் இருப்பதால், பலகையின் கனம் எதுவானாலும் துளை நடுவிலேயே விழும். இந்த ஒரு வசதிக்காகவே இரண்டு கம்பிக் கைடை வாங்கலாம் என்பது என் எண்ணம். வாங்கும்போது கம்பிகள் கீழே நீளுமா என்று கேளுங்கள், எல்லாவற்றிலும் நீளாது.

ஆட்டோ ஹிஞ்ச் குழி போட முடியுமா?

முடியும். அலமாரிக் கதவில் பதியும் அந்தக் கிண்ணக் கீலுக்கு 35 மி.மீ. பிட்டு வேண்டும், குழி 12 முதல் 13 மி.மீ. ஆழம். தட்டின் துளை 35 மி.மீ. பிட்டை உள்ளே விடுமா என்பதை அளந்து பார்க்க வேண்டும். குழியின் மையம் கதவு விளிம்பிலிருந்து ஏறக்குறைய 22.5 மி.மீ.யில் வரும் என்பதால் தட்டின் ஒரு பகுதி வெளியே தொங்கும். அதே கனமுள்ள துண்டுப் பலகை ஒன்றைக் கதவோடு ஒட்டி வைத்துத் தாங்கிக்கொள்ளுங்கள். இவ்வளவு பெரிய பிட்டு சிக்கினால் கையை முறுக்கிவிடும். கைடைக் கிளாம்ப் செய்யாமல் தொடவே கூடாது.

கனமான கட்டையில ரெண்டு பக்கத்துல இருந்தும் துளைச்சேன், நடுவுல சேரல. கைடு தப்பா?

பெரும்பாலும் இல்லை. மேலிருந்து வந்த துளையின் பிழையும் கீழிருந்து வந்ததின் பிழையும், இரண்டு பக்கமும் குறித்த குறிகளின் பிழையும் நடுவில் கூடுகின்றன. இரண்டு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால், சரியான கைடுகூட இரண்டு வேறு திசைகளில் துளைக்கும். கைடுக்குத் தெரிந்தது தான் உட்கார்ந்திருக்கும் முகம் மட்டுமே. நீளமான மெல்லிய பிட்டால் ஒரே பக்கத்திலிருந்து முழுதும் துளைத்து, அது வெளியே வந்த இடத்தை மறுபக்கத்துக் குறியாகக் கொண்டு, பிறகு பெரிய பிட்டால் இரண்டு பக்கமும் அகலப்படுத்துங்கள்.

முக்காலிக் காலுக்குச் சாய்வாத் துளை போடணும். கோணம் மாத்துற கைடு நல்லதா?

வருடத்துக்கு ஒருமுறை சாய்வுத் துளைக்காகக் கோணம் மாறும் கைடை வாங்காதீர்கள். மாறும் ஒவ்வொரு மூட்டும் ஆட்டத்துக்கு ஒரு வாசல். நேர்க் கைடுக்கு அடியில், வேண்டிய கோணத்தில் அறுத்த ஆப்புக்கட்டையை வைத்தாலே போதும். மூன்று கால்களுக்கும் அதே ஆப்பு என்பதால் சாய்வும் ஒன்றாகவே வரும்.

ஊஞ்சல் கொக்கிக்கு சீலிங்ல துளை போட இதைப் பயன்படுத்தலாமா?

கூடாது. கான்கிரீட்டுக்கு அடிக்கும் இயந்திரம் வேண்டும். அதற்கும் கைடுக்கும் ஏன் ஒத்துவராது என்பதை மேலே சொல்லிவிட்டேன். தலைக்குமேல் கைடையும் டிரில்லையும் சேர்த்துத் தாங்குவதும் ஆபத்து. கைடு ஊஞ்சல் பலகைக்கு.

லேத் பட்டறையில ஒரு கட்டை செஞ்சு வாங்கிக்கலாமா?

தாராளமாக. ஒரே அளவுத் துளை நூற்றுக்கணக்கில் வேண்டுமென்றால் அதுவே சிறந்தது. ஆனால் வெறும் எம்.எஸ். (மென்னுருக்கு) கட்டையில் துளையிட்டால் பிட்டின் விளிம்பு அதை அரித்துவிடும். கடினமாக்கிய டிரில் புஷ்ஷை வாங்கிக் கொடுத்து, கட்டையில் இறுக்கமாக ஏற்றித் தரச் சொல்லுங்கள். கட்டையின் அடிமுகத்தையும் துளையையும் ஒரே பிடியில், அதாவது இயந்திரத்திலிருந்து கழற்றாமல் முடிக்கச் சொல்வது முக்கியம். செங்குத்து அப்போதுதான் அமையும்.

கம்பியெல்லாம் துரு ஏறிடுச்சு.

கடற்காற்று ஊர். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடையுங்கள். பிளைவுட் தூளை முதலில் தட்டிவிடாமல் எண்ணெய் போட்டால் அது பசையாகி புஷ்ஷைத் தின்னும்.

இவ்வளவு பாக்கிறதுக்கு ஒரு சின்ன பெஞ்ச் டிரில்லே வாங்கிடலாமே?

பொருள் சிறியது, மேசைக்கு வரக்கூடியது, துளைகள் பல என்றால் வாங்குங்கள்; அந்த வேலையில் எந்தக் கைடும் அதற்கு ஈடாகாது. ஆனால் வாங்கும் முன் பிட்டின் மையத்துக்கும் பின்தூணுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். சிறிய இயந்திரங்களில் அது சுமார் 100 மி.மீ.தான் இருக்கும். ஊஞ்சல் பலகையின் மூலைத் துளை ஓரத்தில் இருப்பதால் அதற்குள் அடங்கிவிடும், ஆனால் நீண்ட பலகையின் மறுமுனையை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். அலமாரிப் பலகையின் நடுவில் வரும் துளை அடங்கவே அடங்காது. என் வீட்டில் இரண்டும் இருக்கின்றன. சென்ற ஆண்டு ஒன்பது படிக் கொலுவுக்குக் கால்களைப் பெஞ்ச் டிரில்லிலும், படிப்பலகைகளைக் கைடிலும் துளைத்தேன்; போல்ட்டுகள் கையாலேயே நுழைந்தன, ஏழாம் படியில் மட்டும் ஒன்று நுழையவில்லை. குறியைத் தவறாகப் போட்டிருந்தேன்.